60 வயசுக்கு மேல உடற்பயிற்சி ஆரம்பிச்சா பலன் இருக்குமா? எங்கிருந்து தொடங்குவது? முழு விளக்கம்

"இந்த வயசுல இனிமே என்ன பண்ணி என்ன ஆகப்போகுது?" ஓய்வு பெற்றவர்கள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூட்டு வலி என மாத்திரை டப்பா நிறைந்துவிட்ட பிறகு, "கொஞ்சம் நடங்க, உடம்பை அசைங்க" என்று டாக்டர் சொன்னால், "அதெல்லாம் சின்ன வயசுலேயே பண்ணிருக்கணும் சார்" என்பதுதான் பலரின் பதில்.

ஆனால் கடந்த 35 ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. 60-லும் சரி, 70-லும் சரி, ஏன் 90 வயதிலும்கூட, வேலை கொடுத்தால் தசை பலமாகிறது. தொடங்க இது லேட்டா, லேட் இல்லையா? எவ்வளவு செய்தால் போதும்? மூட்டு வலி, சர்க்கரை இருப்பவர்கள் என்ன செய்வது? என்ன சாப்பிடுவது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டுக்கு இது ஏன் முக்கியம்?

இந்தியாவில் முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. 2021-ம் ஆண்டுக்கான மத்திய அரசின் கணிப்புப்படி, மாநில மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் சென்னையிலோ, பெங்களூருவிலோ, வெளிநாட்டிலோ இருக்க, ஊரில் அம்மா, அப்பா தனியாக இருக்கும் வீடுகள் ஏராளம்.

அந்த வீடுகளில் பெரிய கவலை ஆயுள் எவ்வளவு என்பதைவிட, யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்க முடியுமா என்பதுதான். பாத்ரூமில் இருந்து தானாக எழுந்து வர முடியுமா, மாடிப்படி ஏற முடியுமா, பஸ்ஸில் ஏறி இறங்க முடியுமா... இவை அத்தனைக்கும் அடிப்படை கால் பலம்.

விழுந்தால் என்ன ஆகும்? உலக அளவில் ஆண்டுக்கு சுமார் 6.84 லட்சம் பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் அதிகம் பாதிக்கப்படுவது 60 வயதுக்கு மேற்பட்டவர்கள். உயிர் தப்பினாலும், இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவர்களில் பலர் பழையபடி நடமாட்டத்துக்குத் திரும்புவதில்லை.

வயதானால் உடம்பில் என்ன நடக்கிறது?

சுமார் 30 வயதைத் தாண்டியதும் தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. பத்து ஆண்டுக்கு சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை. 60-க்குப் பிறகு இந்த வேகம் கூடும். தசையின் அளவு குறைவதைவிட அதன் பலம் இன்னும் வேகமாகக் குறையும். இதற்கு மருத்துவத்தில் 'சார்கோபீனியா' என்று பெயர். 1980-களின் இறுதியில்தான் இப்படி ஒரு பெயரே வைக்கப்பட்டது. அதுவரை 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிட்டார்கள்.

எடை மெஷினில் இது தெரியாது. தசை குறைந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்துகொண்டால், எடை அதே 65 கிலோவில் நிற்கும். ஆனால் சோஃபாவில் இருந்து எழும்போது கை ஊன்ற வேண்டியிருக்கும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கும். கேஸ் சிலிண்டரை நகர்த்த முடியாது. இவைதான் முதல் அறிகுறிகள்.

இன்னொரு விஷயமும் உண்டு. நாம் சாப்பிடும் இட்லியும் சோறும் சர்க்கரையாக மாறி ரத்தத்துக்கு வந்ததும், அதில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் அந்தச் சர்க்கரை போக இடம் குறைகிறது. ஐசிஎம்ஆர் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். அதன் விளிம்பில் நிற்பவர்கள் 13.6 கோடி பேர். கால் தசை என்பது வெறும் நடப்பதற்கான விஷயம் இல்லை என்பது இதிலிருந்து புரியும்.

90 வயதிலும் தசை வளருமா?

1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர் மரியா ஃபியாட்டரோன் தலைமையிலான குழு ஒரு ஆய்வு நடத்தியது. முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வயதான, மெலிந்து தளர்ந்த 10 பேருக்கு 8 வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி தரப்பட்டது. லேசான எடை இல்லை, அவர்களால் தூக்க முடிந்ததில் பெரும்பங்கு அளவுக்கான கனமான எடை.

8 வாரத்தில் அவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்பும் 9 சதவீதம் அதிகரித்தது. 90 வயதில்!

பத்து பேரை மட்டும் வைத்து முடிவு சொல்லலாமா என்ற கேள்வி வரும். அதே குழு 1994-ல் சராசரி வயது 87 கொண்ட 100 பேரிடம் 10 வாரம் ஆய்வு செய்தது. பயிற்சி செய்தவர்களின் பலம் இரு மடங்குக்கும் மேலானது. நடை வேகமும், படியேறும் திறனும் கூடின.

இந்த இரண்டாவது ஆய்வில் இன்னொரு பாடமும் இருக்கிறது. சிலருக்குப் பயிற்சி இல்லாமல், சத்து பானம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. அதாவது, மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் புரோட்டீன் பவுடர் டப்பா மட்டும் தசையைக் கொண்டு வராது. தசைக்கு வேலை கொடுத்தால்தான் சாப்பாடு அங்கே போய்ச் சேரும்.

இதயத்துக்கும் இது பொருந்துமா?

1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், 20 வயதான ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை 3 வாரம் படுக்கையிலேயே வைத்து ஆய்வு செய்தார்கள். அவர்களின் இதய, நுரையீரல் திறன் மளமளவெனச் சரிந்தது. பிறகு பயிற்சி கொடுத்து மீட்டார்கள்.

30 ஆண்டு கழித்து, 50 வயதான அதே ஐந்து பேரை மீண்டும் அழைத்தார்கள். வயிறு பெருத்து, எடை கூடியிருந்தது. ஆனாலும் இந்த 30 ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட, அன்று 3 வாரம் படுத்திருந்ததால் வந்த சேதம் அதிகம் என்று தெரியவந்தது! அதன்பின் 6 மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் எனப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். வயதால் இழந்த திறனை அவர்கள் திரும்பப் பெற்றார்கள்.

அப்படியென்றால் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாமா? இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை இருக்கிறது. 2018-ல் வெளியான மற்றொரு டல்லாஸ் ஆய்வில், உட்கார்ந்தே வாழ்ந்த, 45 முதல் 64 வயதுள்ளவர்களுக்கு 2 ஆண்டு பயிற்சி தரப்பட்டது. இறுகிப்போன இதயத் தசை நெகிழ்வானது. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 18 சதவீதம் கூடியது. ஆனால் 70 வயதுக்கு மேல் தொடங்கியவர்களிடம் இதயத் தசையின் இறுக்கம் இப்படி மாறவில்லை என்பதை அதே ஆய்வாளர்கள் முன்பே பார்த்திருந்தார்கள்.

ஆக, கால் தசைக்கு வயது வரம்பு இல்லை. இதயத்தின் நெகிழ்வுக்கு 65-க்குள் தொடங்குவது நல்லது. 70-ல் தொடங்குபவர்களுக்கும் நடை, பலம், சர்க்கரைக் கட்டுப்பாடு, தூக்கம் என மற்ற பலன்கள் கிடைக்கும். 50-களில் இருப்பவர்கள் "ரிட்டயர் ஆனதும் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதில்தான் நஷ்டம்.

'ரெஸ்ட் எடுங்க' என்பதில் இருக்கும் ஆபத்து

டெங்கு காய்ச்சலோ, ஆபரேஷனோ முடிந்து வீடு திரும்பும் பெரியவர்களிடம் வீட்டில் எல்லோரும் சொல்வது, "நீங்க எதுவும் செய்ய வேணாம், படுங்க". பாசத்தில் சொல்வதுதான். ஆனால் 2007-ல் வெளியான ஒரு ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் வெறும் 10 நாள் படுக்கையில் இருந்தபோது, கால்களில் இருந்து மட்டும் சுமார் ஒரு கிலோ தசை குறைந்தது.

அதனால் டாக்டர் அனுமதித்த உடனே எழுந்து உட்காருவது, வீட்டுக்குள் நான்கு முறை நடப்பது, தன் டம்ளரைத் தானே எடுப்பது என்று தொடங்கிவிட வேண்டும். பெரியவர்களுக்கு எல்லாவற்றையும் கையில் கொண்டுவந்து கொடுப்பது அவர்களின் காலைப் பிடுங்குவதற்குச் சமம்.

வாரத்துக்கு எவ்வளவு செய்ய வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொல்வது இதுதான்:

- வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. வேக நடை, சைக்கிள், நீச்சல் எதுவாகவும் இருக்கலாம்.
- வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சி.
- வாரத்தில் குறைந்தது 3 நாள் உடல் சமநிலைக்கான பயிற்சி.

'மிதமான' என்றால் எப்படித் தெரிந்துகொள்வது? நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் கணக்கு. செல்போனில் கதை பேசியபடி மெல்ல நடப்பது இதில் சேராது. ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட அதுவும் மேல்தான்.

150 நிமிடம் என்றதும் மலைக்க வேண்டாம். 10 நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை 2020-ல் நீக்கிவிட்டார்கள். 5 நிமிடம், 5 நிமிடமாகச் சேர்த்தாலும் கணக்குதான்.

10,000 ஸ்டெப் நடந்தே ஆகணுமா?

இல்லை. இந்த எண் மருத்துவ ஆய்வில் இருந்து வந்ததே இல்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள் தரும் பெயர் கொண்ட ஒரு கருவியின் விளம்பரத்தில் இருந்து வந்தது.

2019-ல் அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுள்ள 16,741 பெண்களிடம் ஆய்வு செய்தார்கள். நாளுக்கு சுமார் 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், சுமார் 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடி வரை பலன் கூடியது. அதற்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. இப்போது 2,000 அடி நடப்பவர் 4,000-க்குப் போனாலே அது பெரிய முன்னேற்றம்.

உங்கள் நிலை என்ன? வீட்டிலேயே 2 டெஸ்ட்

முதல் டெஸ்ட், நாற்காலி. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவுகோல்படி, 60-64 வயதில் ஆண்கள் 14-க்கும் பெண்கள் 12-க்கும் குறைவாகச் செய்தால், கீழே விழும் ஆபத்து அதிகம். 70-74 வயதில் இந்த எண் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10.

இரண்டாவது டெஸ்ட், ஒற்றைக்கால். சுவருக்குப் பக்கத்தில், யாராவது உடன் இருக்கும்போது, ஒரு காலைத் தூக்கி 10 நொடி நிற்க முடிகிறதா பாருங்கள். பிரேசிலில் 51 முதல் 75 வயதுள்ள 1,702 பேரிடம் செய்த, 2022-ல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒருவரால் இதைச் செய்ய முடியவில்லை. அப்படி முடியாதவர்களிடம் அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு ஆபத்து 84 சதவீதம் அதிகமாக இருந்தது. ஒற்றைக்காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உடம்பின் மொத்த நிலைமையைக் காட்டும் ஒரு அளவுகோல் இது, அவ்வளவுதான்.

ரிசல்ட் மோசமா வந்தா பயப்பட வேண்டாம். தேதியோடு காலண்டரில் குறித்து வையுங்கள். 3 மாதம் கழித்து அதே டெஸ்ட்டைச் செய்து பாருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது? 12 வாரத் திட்டம்

ஜிம் வேண்டாம், காசு வேண்டாம். ஒரு நாற்காலி, ஒரு சுவர், இரண்டு தண்ணீர் பாட்டில் போதும்.

முதல் 4 வாரம்: தினமும் 10 நிமிட நடை. வாரத்தில் 2 நாள், நாற்காலியில் இருந்து 8 முறை எழுந்து உட்காருவது. முடியாவிட்டால் கையை ஊன்றிக்கொள்ளலாம், அல்லது நாற்காலியில் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டலாம். சமையல் மேடையைப் பிடித்தபடி 10 முறை குதிகாலை உயர்த்தி இறக்குவது.

5 முதல் 8 வாரம்: நடை 20 நிமிடம். நாற்காலிப் பயிற்சி 10 முறை வீதம் இரண்டு சுற்று. சுவரில் கை வைத்துத் தள்ளும் 'வால் புஷ் அப்' 8 முறை. ஒரு லிட்டர் பாட்டிலை இரு கையிலும் வைத்துத் தோள் வரை தூக்கி இறக்குவது. பல் தேய்க்கும்போது வாஷ்பேசினை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது.

9 முதல் 12 வாரம்: நடை 30 நிமிடம், அதில் இடையிடையே 1 நிமிடம் வேக நடை. கையை ஊன்றாமல் நாற்காலிப் பயிற்சி மூன்று சுற்று. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஒரு மாடி ஏறி இறங்குவது.

இதில் முக்கியமான விதி ஒன்று. கடைசி இரண்டு முறை செய்யும்போது கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையையோ எடையையோ கூட்ட வேண்டும். பாஸ்டன் முதியவர்களுக்குத் தசை வளர்ந்தது, வாரா வாரம் எடையைக் கூட்டியதால்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கூடாது, ரத்த அழுத்தம் சட்டென ஏறும். தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள்.

மறுநாள் தசையில் லேசான வலி வருவது சகஜம். 2, 3 நாளில் போய்விடும். மூட்டில் குத்தும் வலியோ, வீக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

'மூட்டு தேய்ஞ்சு போச்சு, நடந்தா இன்னும் தேயுமே?'

பலரை வீட்டிலேயே உட்கார வைத்திருக்கும் பயம் இது. மூட்டு என்பது டயர் இல்லை, ஓட ஓடத் தேய்வதற்கு. மூட்டுத் தேய்மானத்துக்கு உலக அளவில் முதலில் பரிந்துரைக்கப்படும் சிகிச்சைகளில் உடற்பயிற்சியும் ஒன்று. தொடையின் முன்பக்கத் தசை பலமாக இருந்தால், நடக்கும்போது வரும் அதிர்வில் ஒரு பங்கை அது தாங்கிக்கொள்ளும், முட்டிக்குச் சுமை குறையும். உட்கார்ந்தே இருந்தால் தசை மெலியும், வலி கூடும், வலிக்குப் பயந்து இன்னும் உட்காருவார்கள். இந்த வட்டத்தை உடைக்கத்தான் பயிற்சி.

நடக்கவே முடியாத வலி என்றால், நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டி 5 நொடி வைத்து இறக்குவதில் இருந்து தொடங்கலாம். அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் சேவையும் உண்டு. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

'வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே?'

பெண்கள் அதிகம் கேட்கும் கேள்வி. பெருக்குவது, துடைப்பது, துவைப்பது எல்லாம் உடலுழைப்புதான், கணக்கில் சேரும். ஆனால் 30 வருடமாக அதே வேலையை அதே அளவில் செய்யும்போது உடம்பு அதற்குப் பழகிவிடும். தசை வளர, பழகியதைவிடக் கூடுதல் சுமை தேவை. அது வீட்டு வேலையில் கிடைப்பதில்லை.

பெண்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு அடர்த்தி வேகமாகக் குறையும். எலும்பு பலமாக இருக்க அதன் மேல் சுமை விழ வேண்டும். நடையோடு எடைப் பயிற்சியும் சேர்ந்தால்தான் அது நடக்கும். வீட்டில் அப்பா மட்டும் வாக்கிங் போய்விட்டு வர, அம்மா காபி போட்டுக் காத்திருக்கும் வழக்கத்தை மாற்ற இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

சாப்பாட்டில் எதை மாற்றுவது?

நம் ஊர்த் தட்டில் அரிசி அதிகம், புரதம் குறைவு. வளர்ந்தவர்களுக்கு நாளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐசிஎம்ஆர் பரிந்துரை. முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்கிறார்கள். 60 கிலோ எடை என்றால் 60 முதல் 72 கிராம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் புரதம். மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்னியும் என்றால் 6, 7 கிராம்தான். அதோடு ஒரு முட்டை சேர்த்தால் 6 கிராம் கூடும். ஒரு டம்ளர் பால் 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல் சுமார் 12 கிராம், 100 கிராம் மீன் சுமார் 20 கிராம். மாலையில் காபியோடு முறுக்கு, மிக்சருக்குப் பதில் சுண்டல் என்று மாற்றினாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு.

மொத்தப் புரதத்தையும் ஒரே வேளையில் சாப்பிடாமல், மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்வது நல்லது. சிறுநீரகப் பாதிப்பு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் என இவற்றில் ஒளிந்திருக்கும் உப்பும் இதில் சேரும்.

சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைய வாய்ப்புண்டு. கால் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம் இருந்தால் ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

60 வயசுல சிகரெட்டை விட்டா என்ன லாபம்?

"40 வருஷமா பிடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன?" என்பவர்களுக்கு பிரிட்டனில் இருந்து ஒரு பதில் இருக்கிறது. பிரிட்டிஷ் டாக்டர்களை 50 ஆண்டு தொடர்ந்து கவனித்து, ரிச்சர்ட் டால் குழு 2004-ல் முடிவுகளை வெளியிட்டது. தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிட்டால், 30 வயதில் விட்டவர்களுக்கு சுமார் 10 ஆண்டு, 40-ல் விட்டவர்களுக்கு 9 ஆண்டு, 50-ல் 6 ஆண்டு, 60-ல் விட்டவர்களுக்கும் 3 ஆண்டு ஆயுள் கூடுதலாகக் கிடைத்தது. 60-ல் விட்டாலும் மூன்று ஆண்டு. பேரன், பேத்தி கல்யாணத்தைப் பார்க்க அது போதுமான காலம்.

யார் யார் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்?

வீட்டுக்குள் மெல்ல நடக்கப் பெரும்பாலானவர்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் கீழே உள்ளவர்கள் பயிற்சி தொடங்கும் முன் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்:

- மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ், பக்கவாதம் வந்தவர்கள்
- கட்டுப்பாட்டில் இல்லாத ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள்
- நடந்தால் நெஞ்சு அழுத்தமோ, மூச்சு வாங்குவதோ, தலைசுற்றலோ வருபவர்கள்
- சர்க்கரையால் கண் விழித்திரை அல்லது பாதம் பாதிக்கப்பட்டவர்கள்
- கடந்த ஓராண்டில் கீழே விழுந்தவர்கள்

இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நடை போகக் கூடாது. 'லோ சுகர்' ஆகலாம். பாக்கெட்டில் குளுக்கோஸோ, மிட்டாயோ வைத்துக்கொள்ளுங்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சாப்பிட வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்கக் கூடாது. வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

சில பிரஷர் மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாது. அதனால் ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எண்ணை நம்புவதைவிட, பேச முடிகிறதா என்ற கணக்கே பாதுகாப்பானது.

நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, திடீர் வியர்வை வந்தால் "கேஸ் ட்ரபுளா இருக்கும்" என்று சோடா குடிக்காதீர்கள். நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள்.

பாதியில் விட்டுவிடாமல் இருப்பது எப்படி?

ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் அளவுக்கு ஊறிப்போக எவ்வளவு நாள் ஆகும்? லண்டனில் 96 பேரிடம் செய்த ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைகூட ஆகலாம் என்று தெரிந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை. ஆகவே தீபாவளிக்கு மூன்று நாள் விட்டுப்போச்சு, கல்யாணத்துக்குப் போனதில் ஒரு வாரம் போச்சு என்று மொத்தமாக விட்டுவிட வேண்டாம். மறுபடியும் எழுந்து நடங்க, அவ்வளவுதான்.

ஏற்கெனவே செய்யும் ஒரு வேலையோடு இதைச் சேர்த்துவிடுவது சுலபமான வழி. காலை காபிக்கு முன் நாற்காலிப் பயிற்சி, டிவி சீரியல் விளம்பர இடைவேளையில் குதிகால் பயிற்சி என்று வைத்துக்கொள்ளலாம். துணைக்கு ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில், 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காணப்பட்டது. எட்டையும் நடக்க வேண்டியதில்லை. முடிந்த அளவு நடந்து திரும்பலாம். ஏப்ரல், மே வெயிலில் காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

எல்லோரும் ஃபௌஜா சிங் ஆக வேண்டுமா?

பஞ்சாபில் பிறந்து பிரிட்டனில் வாழ்ந்த ஃபௌஜா சிங், 2000-ல் லண்டனில் முதல் மாரத்தான் ஓடியபோது அவருக்கு 89 வயது. 2011-ல் டொரண்டோ மாரத்தானை 100 வயதில் 8 மணி 11 நிமிடத்தில் முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. 2025 ஜூலையில் தன் சொந்த ஊரில் சாலை விபத்தில் உயிரிழக்கும் வரை, லேட்டாகத் தொடங்கியவர்களுக்கு அவர் ஒரு அடையாளமாக இருந்தார்.

42 கிலோமீட்டர் ஓடுவது எல்லோருக்கும் தேவையில்லை. மூன்று மாதம் கழித்து, யாரும் கை கொடுக்காமல் தரையில் இருந்து எழ முடிந்தால் போதும். பேரப்பிள்ளையைத் தூக்க முடிந்தால், மளிகைப் பையோடு படியேற முடிந்தால், ராத்திரி பாத்ரூமுக்குத் தடுமாறாமல் போய்வர முடிந்தால் போதும். அதற்கான முதல் வேலை, இதைப் படித்து முடித்ததும் செல்போனைக் கீழே வைத்துவிட்டு, கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழுந்து பார்ப்பது.

(இது பொதுவான தகவல் மட்டுமே. எடுத்துவரும் மருந்துகளை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவோ, அளவை மாற்றவோ கூடாது.)